கள்ளியடியில் ஈரம்

ஏப்ரல் 2, 2006. ஞாயிறு

ஈரப்பனி, பிறகு மழை. முற்றத்துப் பனிக்குவியல் கறுத்துப்போய் இன்னும் கிடக்கிறது. கோயில் பூசை முடிந்து வந்து சப்பாத்துக் கழுவினதுதான் இன்றைய பெரிய வேலை.

வீட்டுக்கார மதாம் அரிசோனாவிலிருந்து போன். மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் இந்த வீட்டு பேஸ்மென்டில் எங்களை வாடகை இல்லாமல் வைத்திருப்பதற்கு அவருக்கு ஒரே நிபந்தனை. குளிர்காலம் முழுக்க அவர் அங்கே வெயில் காயும்போது பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டை நான் பார்க்க வேண்டும். வெளியே பனி, உள்ளே மணலும் கல்லும் கள்ளியுமாக ஒரு பாலைவன முற்றம். வசதி இருந்தால் கிறுக்குக்கும் கூரை போடலாம்.

வசந்த வேலை, அவர் சொன்னபடி:
– நிழல் துணி கட்ட. ஏப்ரல் வெயில் கண்ணாடிக்குள் சுடுமாம்.
– குளிர்காலம் முழுக்கக் காய்ந்த செடிகளுக்கு இனித் தண்ணீர். ஆழமாக, ஆனால் அரிதாக. மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தடவை.
– போகன்விலாவில் பட்ட கொப்பு நறுக்க.
– மணலை ரேக்கால் கோடுகோடாக இழுத்துவிட.
– பீப்பாய்க் கள்ளிக்கு மட்டும், அவர் திரும்பி வரும்வரை, ஒரு சொட்டும் கூடாது. அடி அழுகிவிடும். செத்துப்போன கணவர் கையால் நட்டது அது. அதைச் சொல்லும்போது மட்டும் மதாமின் குரல் மாறும்.

"துணியைப் பேந்து கட்டுவம்" என்றேன். என் கணவர் அந்தோனி ஏற்கனவே ஏணியோடு நிற்கிறார். இந்த மனுசன் எதையும் பிறகுக்கு வைப்பதில்லை; வாயில் 'பேந்து' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. நான் சொன்னாலும் முகம் சுருங்கும். சாவுக்கும் வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

வெயில். தெருவெல்லாம் பனி உருகி ஓடுகிறது. கார்ச் சக்கரத்தை ஒரு பள்ளம் விழுங்கப் பார்த்தது.

நான் வேலை செய்யும் garderie, குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையால் வந்து கண்ணாடி வீட்டுக்குள் போனேன். கண்ணாடிக்கு அப்பால் பனி, உள்ளே முதுகு வியர்க்கிறது. பீப்பாய்க் கள்ளிக்குப் பக்கத்து வெறும் மணலில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம்.

அந்த இடத்தில் செடியே இல்லை. மேலே பார்த்தேன், கூரை ஒழுகவில்லை. ஹோஸ் சுருட்டினபடி. குழாய் இறுக்கினபடி. மணலில் என் ரேக் கோடுகள் கலையவில்லை, ஒரு காலடியும் கிடையாது.

அந்தோனிக்கு இரவு வேலை, கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குவது. பகலில் நித்திரை. எழும்பினதும் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மரக்கறிக் கடையில் முருங்கைக்காய், கட்டை விரல் தடிப்புக்கு. தவக்காலத்தில் அதுவும் பரவாயில்லை.

ஏப்ரல் 5, புதன்

இன்றும் ஈரம். அதே இடம். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன் (எனக்கு விசர்). உப்பு.

தெருவுக்குப் போடுகிற உப்பு சப்பாத்தோடு வந்திருக்கும். ஆனால் நான் உள்ளே போவது ரப்பர்ச் செருப்போடு.

ஏப்ரல் 7, வெள்ளி

லாசாலில் இருக்கிற பரமேஸ் அக்கா போன். என்னோடு முன்பு வேலை செய்தவ, யாழ்ப்பாணத்து ஆள். ஈரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"எடியே, எந்த நேரத்தில காணுறனீ?"

"மத்தியானம் வேலையால வந்தாப்போலை."

"உச்சி நேரத்தில தனிய அதுக்குள்ளை போகாதை. ராத்திரியிலும் பாக்க அதுதான் பொல்லாத நேரம்."

"அக்கா, நான் வேதக்காரி, மாதா கோயில் ஆள்."

"பேய்க்கு நீ என்ன கோயிலெண்டு தெரியுமோடி?"

சிரித்தேன். போன் வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இன்று கண்ணாடி வீட்டுக்குள் போகவும் இல்லை.

ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு

குளிர்காற்று. குருத்தோலை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றிவர விரல் விறைத்தது.

வந்ததும் துணிவை வரவழைத்து உள்ளே போனேன். புதனன்று இழுத்த கோடுகள் ஈர இடத்தில் மட்டும் அமுங்கியிருந்தன. ஆள் குந்தியிருந்து எழும்பின மாதிரி. பெரிய ஆள் அல்ல. கண்ணாடி எல்லாம் பூட்டு, ஆனால் உள்ளே கடற்கரை மணம். எங்கள் மன்னார்ப் பேசாலையில் கருவாடு காயும் வெயிலின் மணம். இந்த ஊரில் கடலே இல்லை.

கள்ளியின் அடியைக் குச்சியால் தொட்டேன். ஈரப் பக்கம் மெத்தென்று இருக்கிறது. மதாம் வந்தால் என்ன சொல்வேன்? இந்த பேஸ்மென்ட் போனால் எங்கே போவது? பயம் பயமாக வருகிறது. எதற்கு முதலில் பயப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

தலையிடி என்று சொல்லி வேலையால் நேரத்தோடு வந்தேன். நல்ல வெயில். கண்ணாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது.

அந்தோனி. நித்திரைக்குக் கட்டிய சாரத்தோடு, வெறுங்காலோடு, மணலைச் சுற்றிய கல் வரம்பில் நிற்கிறார். கையில் எங்கள் சமையலறைச் செம்பு. குனிந்து கையை நீட்டி வெறும் மணலுக்கு மெல்ல மெல்ல ஊற்றுகிறார், யாரோ குடிக்கும் வேகத்துக்கு. இடையில் நிறுத்துகிறார். பிறகு ஊற்றுகிறார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

திரும்பவில்லை. "தண்ணி கேட்டவள்."

"ஆர்?"

"ரெஜி."

ரெஜினா அவருடைய கடைசித் தங்கச்சி. ஒன்பது வயதில் செத்தவள், காய்ச்சல் என்றுதான் கலியாணம் பேசும்போது சொன்னார்கள். கையைப் பிடித்து பேஸ்மென்டுக்குக் கூட்டி வந்து தேத்தண்ணீர் வைத்தேன். குடிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மறக்க மாட்டேன், ஆனாலும் எழுதி வைக்கிறேன்:

"தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் மன்னாரால ஓடேக்கை, வள்ளக்காரன் இந்தியா வந்திட்டுது எண்டு இறக்கிப்போட்டுப் போட்டான். விடியப் பாத்தா மணல்திட்டு. நாலு பக்கமும் கடல், ஒரு மரமில்லை. எங்களிட்டை ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணி. நான்தானே மூத்தவன், அம்மா என்ரை கையில தந்தவ. மூடியால அளந்து அளந்து குடுத்தனான். மத்தியான வெயிலுக்கை ரெஜி குந்திக்கொண்டு, அண்ணை தண்ணி எண்டாள். வள்ளம் எப்ப வருமோ தெரியாதெண்டு, பேந்து தாறன் எண்டனான். பின்னேரம் வேறை வள்ளம் வந்து எங்களை ஏத்தேக்கை கானுக்குள்ளை தண்ணி கிடந்தது, ஸ்டெல்லா. குலுங்கிற சத்தம் கேட்டது."

ரெஜி அந்த வள்ளத்தில் ஏறவில்லை. அங்கேயே மணலுக்குள் வைத்துவிட்டு வந்தார்களாம்.

நிழல் துணி கட்டிய அன்று, ஏணியில் நிற்கும்போது கீழே மணலில் அவளைக் கண்டாராம். உச்சியில் மட்டும் வருகிறாளாம். குந்தியிருப்பாளாம். முகத்தைத் தூக்கிப் பார்ப்பாளாம்.

கள்ளி அழுகத் தொடங்கிவிட்டது என்றேன். கண்ணாடி வீட்டைப் பூட்டி, திறப்பைத் தானே என் கையில் வைத்தார். "இனிப் போகமாட்டன்."

அழுதேன். அவர் அழவில்லை.

ஏப்ரல் 13, பெரிய வியாழன்

மழை. திறப்பு என் கைப்பையில். மணல் காய்ந்துவிட்டது. சந்தோசப்பட வேண்டியவள் நான்.

அந்தோனி தண்ணீர் தொடுவதில்லை. திறப்பைத் தந்த நேரம் முதல். சோற்றை ரசத்தோடு பிசைந்து விழுங்குகிறார், அவ்வளவுதான். தேத்தண்ணீர் ஆறிப்போய்க் கிடக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. "தவக்காலம்தானே" என்கிறார். தண்ணீர் குடிக்காத தவக்காலம் எந்தக் கோயிலில்? டாக்டரிடம் போவோம் என்றால் மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

கோயிலில் பாடுகளின் வாசகம். சிலுவையில் ஆண்டவர் தண்ணீர் கேட்கும் இடம் வந்ததும் அந்தோனி எழும்பி வெளியே நடந்தார். சனம் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஓடினேன். படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அவளுக்குக் குடுக்காமல் நான் எப்பிடிக் குடிக்கிறது?"

வீடு போகும் என்று பயந்து திறப்பை வாங்கி வைத்தேன். இப்போது ஆளே போய்விடுவார் போலிருக்கிறது.

ஏப்ரல் 16, உயிர்த்த ஞாயிறு

முதல் இளவெயில். பக்கத்து வீட்டில் பனிக்காகப் போட்ட கார்க் கூடாரத்தைக் கழற்றுகிறார்கள்.

பூசையால் வந்ததும் செம்பை நிரப்பினேன். கள்ளி போனால் போகட்டும், வீடு போனால் வேறு பேஸ்மென்ட். மொன்றியலில் நிலத்துக்குக் கீழே இடத்துக்கா பஞ்சம்? கதவைத் திறந்து அவரை முன்னால் விட்டேன்.

உச்சி வெயில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் மணல். ஆனால் அவர் ஊற்றும்போது மண்ணில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. ஊற்றுகிறது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் இல்லை. செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிச்சத்தை அவர் அண்ணாந்து குடித்தார். மடக்கு மடக்காக. அந்தச் சத்தம் கேட்டது. போதும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஒவ்வொரு மத்தியானமும் ஒரு செம்பு. அவர் எழும்பாவிட்டால் நான். எனக்கு எப்போதும் சத்தம் கேட்கிறது, சாதாரணமாக, மண்ணில் விழுகிற சத்தம்.

அவர் சாப்பிடுகிறார். உதடு ஆறிவிட்டது. நேற்று கிடங்கில் யாரோ விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார். கள்ளியின் மெத்தென்ற பக்கத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சல்லிக்கல் போட்டேன். பிழைத்தால் புண்ணியம்.

ஏப்ரல் 29, சனி

மதாம் வந்துவிட்டார். கறுத்து, மெலிந்து. கோட்டைக் கழற்ற முதலே கண்ணாடி வீட்டுக்குள். நான் பின்னால், சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தபடி.

கள்ளியைப் பார்த்தார். அடியில் தட்டினார். தழும்பு விழும், சாகாது என்றார். யார் தண்ணீர் விட்டது என்று கேட்கத் திரும்பியவர் கேட்கவில்லை. மணலில் முழங்காலிட்டுவிட்டார்.

பச்சை. நேற்று நான் பார்க்கும்போது இல்லை. நகம் அளவு முளைகள், நூற்றுக்கணக்கில். கணவர் இருந்த காலத்தில் இருவரும் தூவின பாலைவனப் பூ விதைகளாம். முளைக்கவே இல்லையாம். தண்ணீருக்காக அவை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும் என்றார். கண் கலங்கிப் போயிருந்தது.

பிறகுதான் கவனித்தார். நானும்தான். முளைகள் வட்டமாகச் சுற்றி நிற்கின்றன. நடுவில், தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், ஒன்றும் முளைக்கவில்லை. மணல் அமுங்கி, காய்ந்து. ஒரு பக்கத்தில் சின்னக் குதிகள் இரண்டு ஊன்றிய குழி.

"எந்தப் பிள்ளை இங்கே உட்கார்ந்தது?" மதாம் கேட்டார். "உங்களுக்குப் பிள்ளை இல்லையே?"

அந்தோனி வாசலில். சாரத்தோடு, செம்போடு. எப்போது வந்தாரோ. தமிழிலேயே சொன்னார்: "என்ரை தங்கச்சி."

சொந்தக்காரப் பிள்ளை என்று மொழிபெயர்த்தேன். பொய்யில்லை.

மதாம் அந்தக் குழியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கோபம் இல்லை. அந்தப் பிள்ளை இனியும் வருமா என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் அந்தோனி குழாயைத் திறந்து செம்பை நிரப்பத் தொடங்கிவிட்டார்.