முறியாத நகப்பூச்சுக் கோடு

இன்று காலை மல்லேஸ்வரத்தில் மெட்ரோ ஏறப் போனபோது, பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். குடை, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த உன் நகப்பூச்சுக் குப்பியை வெளியே எடுத்தார். மூடியைத் திருகி முகர்ந்தும் பார்த்தார். அந்த நெடி எனக்கும் வந்தது. பிறகு அவர் பார்வை என் விரல்களுக்குப் போனது. ஐம்பதை நெருங்கும் வரை ஒருநாளும் பூச்சு காணாத நகங்கள். யாருக்கு இது என்று கன்னடத்தில் கேட்டார். வேலைக்கு என்றேன். நம்பாத முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

ரயில் மாறி பொம்மனஹள்ளி போய்ச் சேரும் வரை நெடி கையிலேயே இருந்தது. நீ உடன் வந்திருந்தால் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்திருப்பாய். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. உனக்கும் அது தெரியும். ஆனால் இன்று நடந்ததை முறைப்படி யாருக்காவது தெரிவிக்க வேண்டும் என்றால், அந்த ஆள் நீதான்.

நம் கொட்டகை அப்படியேதான் இருக்கிறது. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு காலத்தில் ரெடிமேட் சட்டை தைத்த கூடம். இங்கே ராக்கெட் செய்கிறோம் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் இன்னமும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதுவும், ஒருமுறை பறந்து கடலில் விழுந்து தொலைகிற ராக்கெட் அல்ல. மேலே போய், திரும்பி வந்து, தன் நான்கு கால்களில் தானே நிற்க வேண்டியது. துடைத்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி பறக்கவிட வேண்டியது. நாம் செய்தவை அதன் முன்மாதிரிகள். இரண்டு மாடி உயரம். சில நூறு மீட்டர் ஏறி இறங்கினால் போதும். அந்தக் கால்களின் கணக்கு என்னுடையது. அவற்றைப் பொருத்திப் பூட்டுவது உன் வேலை.

விமானப் பட்டறை ஒன்றில் இருபது வருஷம் ஸ்பானர் பிடித்துவிட்டு எங்களிடம் வந்தாய். நம் இருவருக்கும் ஒரே வயது. முதல் வாரம் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். “நீங்கன்னா எனக்கு எங்க மாமியார் ஞாபகம் வருது மேடம். நீன்னே சொல்லுங்க” என்றாய். சரி, நீயும் அந்த மேடத்தை விட்டுவிடு என்றேன். “அது முடியாது. மேடம்னு கூப்பிட்டுத் திட்டுனாத்தான் உறைக்கும்.” கடைசி வரை அப்படித்தான் திட்டினாய்.

ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கியபின், அதன் தலையையும் அடியிலுள்ள உலோகத்தையும் சேர்த்து ஒரு கோடு போட வேண்டும். பிறகு போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் பசை ஒருமுறை தீர்ந்துபோனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். மறுநாள் விவேக் நகரில் உன் வீட்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலிருந்து ரத்தச் சிவப்பு நகப்பூச்சு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் என்ன கலந்திருக்கிறது, அதிர்வைத் தாங்குமா, எதுவும் தெரியாதே என்றேன். “சும்னே டென்ஷன் ஆகாதீங்க. தம்பி கல்யாணத்துக்குப் போட்டது. ஒரு வாரம் பாத்திரம் தேய்ச்சும் போகல” என்று உன் கட்டை விரலை நீட்டினாய். ஆனாலும் அதிர்வு மேசையில் ஏற்றி மூன்று நாள் குலுக்கிய பிறகுதான் அனுமதித்தேன். மூன்று நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய். கோடு முறியவில்லை.

அதன்பின் யார் உன்னிடம் வந்து பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் உன் பதில் ஒன்றுதான்: “பாத்தேன்னு சொல்லாத. கோட்டக் காட்டு.”

இந்தக் கோட்டின் மேல் எனக்கு வந்த நம்பிக்கைதான் பின்னால் உன்னைச் சிக்கலில் இழுத்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு காலின் பூட்டுக்கும் வேலை அட்டையில் இரண்டு கையெழுத்து வேண்டும். முறுக்கியவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. நீ கூப்பிடுவாய், நான் டார்ச் அடித்துக் கோடுகளைப் பார்ப்பேன், தலையாட்டிவிட்டுப் போவேன். கோடுதான் இருக்கிறதே, அட்டையில் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். மற்ற அட்டைகளில் எப்படியோ போட்டுவிட்டேன். மூன்றாவது காலின் அட்டையில் என் இடம் காலியாகவே இருந்துவிட்டது.

பூட்டைப் பற்றி உனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கால் முழுதாக விரிந்ததும் ‘பின்’ என்கிற உலோகக் கம்பி ஒன்று துளைக்குள் பாய்ந்து அதைப் பூட்ட வேண்டும். பின் வழுக்கிச் செல்ல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம். கொட்டகையில் கிரேனில் தொங்கவிட்டு நூறு முறை விரித்துப் பார்த்தோம். நூறு முறையும் பூட்டிக்கொண்டது. “இங்க ஃபேன் காத்துல பூட்டுது. அங்க கீழேருந்து நெருப்பு திரும்பி மேல அடிக்குமே, அப்போ?” என்றாய். அந்த வளையத்தைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டும் என்று கேட்டாய். பத்து நாள் ஆகும். பார்வையாளர்களை அழைத்தாகிவிட்டது, தேதியை மாற்ற முடியாது என்றார் நிறுவனர். கணக்குப்படி வெப்பம் அவ்வளவு ஏறாது என்று நானும் சொன்னேன். நீ வாதாடவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதினாய். கோபம் வந்தால் நீ தமிழில்தான் எழுதுவாய். சுற்றிலும் ஆங்கிலமாக இருந்த அந்தப் பக்கத்தில் உன் இரண்டு வரி மட்டும் தனியாகத் தெரிந்தது.

சோதனைப் பறப்பு நாட்களில் கிரேன் ஓட்டுநர் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். புது லாரிக்கு வைப்பது போல. எஞ்சின் பக்கத்தில் உதிரிப் பொருள் எதுவும் கிடக்கக்கூடாது என்று நான் கத்தியபின் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: வைக்கலாம், கும்பிடலாம், எரிபொருள் ஏற்றும் முன் எடுத்துவிட வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலில் அதையும் நீ சேர்த்துவிட்டாய். ‘எலுமிச்சை, நான்கு, அகற்றப்பட்டது.’ உன் கையெழுத்து, என் கையெழுத்து.

பிறகு அந்த மூன்றாவது பறப்பு. நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி அந்தப் பொட்டல். பந்தலின் கீழே பார்வையாளர்கள், கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி. அது ஏறியது. நின்றது. இறங்கத் தொடங்கியது. ஏறும்போதே கைதட்டிவிட்டார்கள். நீ என் காதருகில் சொன்னாய்: “ஏறுறத எல்லாரும் பாப்பாங்க. எறங்குறத நாமதான் பாக்கணும்.” புழுதி எழுந்தது, எஞ்சின் அணைந்தது, ஒரு மூச்சு நேரம் அது நின்றது. பிறகு மூன்றாவது கால் மடங்கி, முழு உயரமும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. தீயை அணைக்க ஓடினார்கள். யாருக்கும் காயமில்லை. நீ ஓடவில்லை. உன் பையைத் திறந்து என் முன்னால் நீட்டினாய். “நாலும் இங்க இருக்கு மேடம். எண்ணிக்கோங்க. அப்புறம் எலுமிச்சம்பழம் மேல பழி போடக்கூடாது.”

பழி உன்மேல் விழும் என்று அன்று இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் டெங்கு. ஆஸ்பத்திரியில், சாய்ந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல், நீ என்னிடம் கேட்டது வேறெதுவும் இல்லை. “அந்தப் பூட்டத் தொடச்சிப் பாத்தீங்களா?” நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் கூட்டம் இருந்தது, அதற்கு மறுநாளும். நான் பூட்டைப் பார்த்தபோது உன்னை அடக்கம் செய்து ஒன்பது நாளாகியிருந்தது.

பார்க்கவைத்தது அறிக்கை. விசாரணைக் குழுவில் நாங்கள் மூன்று பேர். மூவரும் கையெழுத்திட்டால்தான் அடுத்த பறப்புக்கு அனுமதி. வரைவை நிறுவனரே எழுதியிருந்தார். பூட்டின் கூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் போதிய அளவு முறுக்கப்படவில்லை, கூடு நகர்ந்தது, பின் துளையில் சேரவில்லை. பொருத்தியவர்: உன் பெயர். சரிபார்ப்பு நடந்ததற்கு ஆதாரம் இல்லை. என் பெயர் எங்கும் இல்லை.

பின்பக்க அறையில் சிதிலங்களைப் போட்டிருந்தார்கள். மூன்றாவது காலின் கூட்டைத் தேடி எடுத்து, ஈரத் துணியால் கரியைத் துடைத்தேன். ஆறு போல்ட்டுகள். ஆறிலும் உன் கோடு. சிவப்பு கருகி, காய்ந்த மிளகாய்த் தோல் நிறத்துக்கு வந்திருந்தது, ஓரங்கள் உரிந்திருந்தன. ஆனால் தலையில் இருந்த பாதியும் உலோகத்தில் இருந்த பாதியும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஒன்றுகூட முறியவில்லை. கூட்டைப் பிரித்தேன். உள்ளே கறுப்பு வளையம் உருகிப் பின்னைப் பாதி வழியில் கவ்விக்கொண்டிருந்தது. நீ சூட்டில் சோதிக்கச் சொன்ன அதே வளையம். நான் கணக்குப் போட்டு ஏறாது என்ற அதே வெப்பம்.

கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் நிறுவனரின் மேசையில் வைத்தேன். முப்பத்திரண்டு வயது, கோயம்புத்தூர்க்காரர், வெளிநாட்டில் படித்தவர், கெட்டவர் இல்லை. தமிழ் பேசுவார், வாசிக்கத் திணறுவார். அதனால் குறிப்பேட்டைத் திறந்து உன் இரண்டு வரிகளை நானே படித்துக் காட்டினேன்: “காலின் பூட்டைச் சூட்டில் சோதிக்கவில்லை. சோதிக்காமல் பறக்கவிடுவது தப்பு.”

அவர் குறிப்பேட்டை மூடித் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “மேடம், டிசைன் தப்புன்னு எழுதினா உங்க பேர், என் பேர் ரெண்டும் வரும். உங்களையும் காப்பாத்தற மாதிரிதான் எழுதியிருக்கேன். அவங்க இப்ப இல்ல. அவங்களுக்கு இனி என்ன ஆகப்போகுது?”

“அவ மறுத்துப் பேச மாட்டாங்கறதாலதான அவ பேரு?”

அடுத்த முன்மாதிரியின் மேல் உன் பெயரை எழுதலாம் என்றார். பெரிய எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி. அவர் உண்மையாகவே அதை மரியாதை என்று நினைத்தார்.

“ராக்கெட்டுல எழுத வேண்டாம். அறிக்கையில எழுதுங்க” என்றேன்.

அதன்பின் ஐந்து வாரம். கட்டுப்பாட்டு அறைக்குள் போகும் அனுமதியை என் அடையாள அட்டையிலிருந்து எடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. ஒரு கையெழுத்துக்காக நாற்பது பேர் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று என் காதுபடச் சொன்னார்கள். நடுவில் ஒரு திருத்தம் வந்தது. காரணம் வளையம் உருகியது. யார் பெயரும் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி தரும் வாக்கியம். அதையும் திருப்பி அனுப்பினேன். தவறு செய்ததாக எழுத மட்டும் உன் பெயர் வேண்டியிருந்தது. முன்கூட்டியே சொன்னாய் என்று எழுத வேண்டியபோது பெயர்களே தேவையில்லை என்றார்கள். சத்தம் போட்டுச் சண்டையிட எனக்கு வராது, உனக்குத் தெரியும். தினமும் வந்தேன், என் மேசையில் உட்கார்ந்தேன், கையெழுத்திடவில்லை. உன் அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது அந்த நாட்களில்தான்.

இன்று காலை, மெட்ரோவில் கையில் ஏறிய நெடி போகும் முன்பே, நிறுவனர் தாள்களோடு என் மேசைக்கு வந்தார். ஆறாம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் சேர்ந்திருந்தன. இந்தக் குறையைப் பறப்புக்கு முன்பே இன்னார் குறிப்பேட்டில் எழுதியிருந்தார், அது பொருட்படுத்தப்படவில்லை. மூன்றாவது காலின் சரிபார்ப்பில் இன்னார் கையெழுத்திடத் தவறினார். முதல் இன்னார் நீ. இரண்டாவது நான். இரண்டும் முழுப் பெயர்கள். எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை வாசித்தேன். கையெழுத்திட்டேன்.

பிறகு உன் குப்பியைத் திறந்தேன். தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி, பக்கங்களின் ஓரம் அடுக்காகத் தெரியும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். ஆறாம் பக்கத்தை யாராவது உருவி வேறொன்றைச் செருகினால் கோடு அங்கே முறிந்துவிடும்.

“என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?” என்றார்.

“இல்ல” என்றேன். “என் மேலயும் இல்ல.”

மத்தியானம் கட்டுப்பாட்டு அறைக் கதவில் என் அடையாள அட்டை மறுபடி வேலை செய்தது. வளையத்தைச் சூட்டில் சோதிக்கப் பத்து நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். புதிய கால்களின் போல்ட்டுகளை முறுக்கிக் கோடு போட்டது இன்று நான். உன் அளவுக்கு நேராக வரவில்லை. இரண்டில் கொஞ்சம் வழிந்துவிட்டது. பூச்சு கெட்டியாகிவிட்டது, குப்பியில் அடிமட்டம்தான் மிச்சம். தீர்ந்ததும் விவேக் நகர் போய் அதே நிறத்தில் வாங்க வேண்டும். நான்கு அட்டைகளையும் அங்கேயே நின்று நிரப்பினேன். முறுக்கியவர் இடத்தில் என் பெயர். சரிபார்த்தவர் இடத்துக்கு ஒரு பையனைக் கூப்பிட்டேன். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான், தலையாட்டிவிட்டு நகரப் போனான்.

தலையாட்டாதே, இங்கே போடு என்று பேனாவை நீட்டினேன்.