பூட்டிய களஞ்சியமும் அப்பாவின் பச்சை அடையாளமும்

என் அன்பு அப்பா,

பொரளையில் உங்களை அடக்கம் செய்து பதினான்கு மாதமாகிறது. கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் இருந்த கணக்காய்வுப் பகுதியில்தான் நானும் வேலை பார்க்கிறேன்.

போன கிழமை, அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் பொருட்பட்டியல் என் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. ஒட்சிசன் சிலிண்டர் நாற்பது, நேரில் பார்த்தது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உங்கள் பச்சைச் சரி அடையாளம், அதே நீண்ட வாலுடன். பட்டியலோ இந்த வருடத்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் மை ஒட்டியது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மேடம் சிரித்தார். "பயப்பிடாதீங்கோ தம்பி. போன வருசத்துப் பட்டியலைப் பாத்து எழுதுறது. அப்பாட அடையாளம் இருந்தா மேல ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். நாங்கள் எல்லாரும் இப்பிடித்தானே செய்யிறம்."

அந்த அறையில் ஐந்து பேருக்கும் உங்களைப் போலவே சரி போட வருகிறது, அப்பா. ஒருவரும் தலை நிமிரவில்லை. நானும் கீழே கையெழுத்து வைத்தேன்.

மனம் கேட்கவில்லை. மறுநாள் காலையே வைத்தியசாலைக்குப் போனேன். களஞ்சியக் காப்பாளர் பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். "இருங்க சேர். அப்பா வந்தாலும் இதிலதான் இருக்கிறவர். டீ கொண்டரவா?"

நான் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. திறப்பைக் கேட்டேன். பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு சிலிண்டர்கூட இல்லை. தரையில் கணுக்கால் புதையும் தூசி. அதில் ஒரு காலடித் தடமும் இல்லை.

பதினான்கு மாதத்தில் அவ்வளவு தூசி படியுமா, அப்பா? நீங்கள் ஒரு நாளாவது உள்ளே போனீர்களா? அல்லது உங்களுக்கும் முன்னால் யாரோ போட்ட அடையாளத்தைப் பார்த்துத்தான் போட்டீர்களா? மூச்சுக்குத் தவித்த யாருக்காவது இந்தக் கதவைத் தட்டியிருப்பார்களா?

இன்று காலை வேறொரு பட்டியலில் நான் போட்ட சரியைப் பார்த்தேன். வால் நீண்டிருந்தது. என் கைதான், ஆனால் நான் போட்டது போல இல்லை. அம்மா பத்திரமாக வைத்திருக்கும் உங்கள் நல்ல பெயரை நினைத்து அழுதேன்.

நாளை அறிக்கை கொடுக்கிறேன். களஞ்சியத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று எழுதுவேன். முதலில் என் பெயர், அடுத்தது உங்கள் பெயர். இது சத்தியம். அதன் பிறகாவது எங்கள் அறையில் உங்கள் கை ஓயட்டும், அப்பா.

அந்தக் கதிரையில் இருக்க மறுத்த,
உங்கள் மகன் அன்ரன்