மாதா கெபியும் கழிவுநீர் வாய்க்காலும்

மே 9
மீன் ஏலக்கூடத்துக்குக் கூரை போட்டாயிற்று. மிச்சம் தளமும் கழிவுநீர் வாய்க்காலும்தான். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் சைட். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் தருவைக்குளத்துப் படகுகள் கரை திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால் சூரை மீனை மறுபடி மணலில் கொட்டித்தான் ஏலம் விடுவார்கள். காண்ட்ராக்டர் லிங்கராஜ் சார் எனக்கு இன்னொரு சைட் தரமாட்டார்.

மே 13
ஊர்க் கமிட்டித் தலைவர் ரோச் அண்ணாச்சி வந்தார். கூடத்து வாசலில் மாதாவுக்குச் சின்னதாக ஒரு கெபி வேண்டுமாம், சிலை வைக்கக் குகை மாதிரி. பிளானில் இல்லை. சரி என்றுவிட்டேன். ஆழ்வார்திருநகரி ஐயங்கார் வீட்டுப் பெண் மாதாவுக்கு இடம் மறுத்தாள் என்று பேச்சு வரக்கூடாதே! பெருமாளுக்குக் கேட்டிருந்தால் பிளானை எடுத்துக் காட்டியிருப்பேன்.

மே 24
கெபிக்கு இப்போது படிக்கட்டு வேண்டுமாம். மேலே விளக்கு, விளக்கு நனையாமல் சன்ஷேடு. லிங்கராஜ் சார் போனில், "சின்ன வேலதானம்மா, அனுசரிச்சுப் போ" என்கிறார். கொத்தனார்கள் எல்லாரும் கெபி அஸ்திவாரத்தில். வாய்க்கால் வெறும் பள்ளமாகக் கிடக்கிறது.

மே 31
சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. அதற்கும் சரி என்றேன். எனக்கு என்ன ஆச்சு?

ஜூன் 5
காற்றில் மணல் சரிந்து வாய்க்கால் பள்ளம் பாதி மூடிவிட்டது. அழுகையா வருது. யாரைத் திட்ட — என்னைத்தான்.

ஜூன் 6
ரோச் அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். கெபி வேலை இத்தோடு நிற்கும், ஆட்கள் எல்லாரும் வாய்க்காலுக்கு என்றேன். ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா இன்ஜினியரம்மா. எந்த இன்ஜினியர் வந்தாலும் நாங்க கேட்டுப் பாப்போம். அவுக முடியாதும்பாக. நீங்க ஒண்ணுக்கும் மாட்டேங்கல. அதான் கேட்டுக்கிட்டே இருந்தோம்."

கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 17
வாய்க்கால் முடிந்தது. கெபி அரைச்சுவரோடு நிற்கிறது.

ஜூன் 20
முதல் படகு வந்தது. தளம் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் தேங்காமல் ஓடியது. மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் நகர மனம் வரவில்லை. வாசலில், துணி விரித்த மீன்பெட்டி மேல் மாதா மாலையோடு நின்றாள். ரோச் அண்ணாச்சி சிரித்தபடி வந்து, பின்னால் வலை வைக்கச் சின்னதாக ஒரு ஷெட் என்று ஆரம்பித்தார்.

"முடியாது அண்ணாச்சி."

தலையாட்டிவிட்டு எனக்கும் ஒரு டீ சொன்னார்.