சாக்லேட்டா, மல்லாட்டையா?

என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நம் மாடி அறையில் வந்து தங்கும் நீல்ஸ் வந்துவிட்டார். மழை விட்டதும் எப்போதும் வருவதுபோல, அதே பழைய தோள்பையோடு செங்கம் ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். மாடி அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் உன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உன் அக்காதான் சொன்னாள்.

"தம்பி இல்லீங்க. ஐப்பசியில போய்ட்டான். நெஞ்சுவலி."

டென்மார்க்காரருக்குத் தமிழ் எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும். ஆனால் இது புரிந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். பைப்பில் அடைக்கிற புகையிலை, புதுக் கலவை. உனக்கென்று வாங்கி வந்தது.

அதை என்ன செய்வது மச்சான்?

நம் இருவருக்கும் இந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தவர் அவர். அவருக்குப் பர்லி வகைப் புகையிலை என்றால் உயிர். நிழலில் காற்றாட உலர்த்துகிற இலை, இயல்பிலேயே இனிப்பு கம்மி, அதனால் எதைச் சேர்த்தாலும் குடித்துக்கொள்ளும் என்பார். வருஷா வருஷம் இரண்டு கலவைகள் கொண்டுவருவார். சிவப்பு டப்பாவில் இருப்பது எதுவும் சேர்க்காத வெறும் பர்லி. திறந்ததுமே வறுத்த வேர்க்கடலை வாசனை அடிக்கும். நீல டப்பாவில் கோகோ சேர்த்தது. வாய்க்குள் வராத அந்தப் பெயர்களை விட்டுவிட்டு நாம் சிவப்புக்கு, வேர்க்கடலைக்கு நம் பக்கம் சொல்கிற மல்லாட்டை என்றும், நீலத்துக்குச் சாக்லேட் என்றும் பெயர் வைத்தோம்.

நான் மல்லாட்டைக் கட்சி, நீ சாக்லேட். கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டைகளோடு மண்டிக்கு வரும் நாளெல்லாம் வேலை முடிந்ததும் நேராக நம் மொட்டைமாடிக்கு வந்துவிடுவாய். சாமி மலைப்பக்கம் புகை விடக்கூடாது என்பது உன் அக்காவின் சட்டம். ஆகவே மலைக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து சண்டை போடுவோம். மல்லாட்டை சீக்கிரம் எரிகிறது, நாக்கைச் சுடுகிறது என்பாய். அவசரமாக இழுத்தால் சுடத்தான் செய்யும் என்பேன் நான். சாக்லேட் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் ருசி என்று நான் சொன்னால், "ஒங்க நாக்கு செத்துப்போச்சு மாமா" என்று எழுந்தே நின்றுவிடுவாய்.

பிறகு ஊரெல்லாம் படுத்த அந்தக் காய்ச்சல் உனக்கும் வந்தது. பிழைத்து எழுந்து வந்தாய், இளைத்துப்போய், அதே சிரிப்போடு. அன்று சாக்லேட் தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்த மல்லாட்டையை நான் நீல டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன், உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். நீ அதை அள்ளி அடைத்தாய். பற்றவைத்தாய். கண்ணை மூடிக்கொண்டு, "சாக்லேட்டுன்னா சாக்லேட்டுதான் மாமா" என்றாய்.

என் பைப்பிலும் அதே இலைதான் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சல் உன் மோப்பத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ருசியையும்தான். நீ யாரிடமும் சொல்லவில்லை. உன் பெண்டாட்டி வைத்த குழம்பைக்கூடப் பழைய நினைப்பில்தான் புகழ்ந்துகொண்டிருந்தாயா?

நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் பேச ஆரம்பித்தேன். "இன்னிக்குக் கொஞ்சம் கசக்குது மச்சான், வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி." "இப்ப பாரு, அடியில லேசா இனிக்குது." ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வார்த்தை. நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மறுப்பாய். நம் பேச்சு நிற்கவே இல்லை. சமையலறையிலிருந்து உன் அக்கா, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்பாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் போன் செய்தாய். மூச்சு வாங்கியது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன்.

"மாமா! நாறுது மாமா!"

"என்னடா நாறுது?"

"மாட்டுக்கொட்டாய்! சாணி! அப்பா, என்னா நாத்தம்!"

நீ சிரித்தாயா அழுதாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "எனக்கு மோப்பம் போனது உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் மாமா. அதான் வந்துனே இருந்தேன்" என்றாய். அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றாய். இரண்டு டப்பாக்களையும் முன்னால் வைத்து மாற்றி மாற்றி மோந்தாய். "இத்தினி நாளா நான் சொன்னதெல்லாம் கேன்சல்" என்று அறிவித்தாய். இந்த முறை நான் ஜெயித்துவிடுவேன் என்று நம்பினேன். இரண்டையும் நிதானமாகப் பிடித்து முடித்தாய்.

"இப்பவும் சாக்லேட்டுதான். மல்லாட்ட வாசன என் வூட்டு களத்துலயே இருக்குது. அதுக்கு எதுக்கு மாமா டென்மார்க் வரைக்கும் போவணும்?"

நான் நீல டப்பாவை உன் பக்கம் தள்ளிவிட்டேன்.

நீல்ஸ் வந்த அன்று சாயங்காலம் அந்தப் புது டப்பாவோடு மாடிக்குப் போனேன். பைப்பில் அடைத்தாகிவிட்டது. தீப்பெட்டியை எடுத்தபோது உன் அக்கா மேலே வந்தாள். இத்தனை வருஷத்தில் நாம் புகை பிடிக்கும்போது அவள் மாடிக்கு வந்ததே இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தன் போனது போதுங்க. மோந்து பாருங்க. கொளுத்தாதீங்க."

அவளே டப்பாவை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் மோந்தாள்.

"இதுல என்னா இருக்குது?"

"வால்நட் பருப்பு வாசனை. கொஞ்சம் ரம் சேர்த்திருக்காங்க."

"ரம்மும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெல்லப்பாகு கருகின வாசன."

"இல்லடி, நல்லா மோந்து பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். உங்க மூக்குல கோளாறு."

அப்படியே உன் குரல் மச்சான். இருட்டும்வரை வாதாடினோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரம் ஏறிவிட்டது என்றாள். பற்றவைக்காத புகையிலையில் ஏது காரம்?

அடைத்த புகையிலையைத் தட்டி டப்பாவிலேயே போட்டுவிட்டேன். கை அரிக்கத்தான் செய்கிறது. காப்பி குடித்ததும் நெஞ்சு தேடுகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்கிறேன், நான் இனிமேல் கொளுத்த மாட்டேன். நீ போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், யார் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் உன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே உன் அக்கா, அவளை எனக்காக இன்னொரு முறை அங்கே உட்கார வைக்க மாட்டேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மாமன்.