பத்தாவது உறை

பீரோவை ஒழிக்கும்போது பச்சைக் கோடு போட்ட கம்ப்யூட்டர் காகிதம் ஒரு கட்டு கிடைத்தது. மையும் தூசியும் கலந்த அதே வாடை. நீ போய் எட்டு மாதமாகிறது. காகிதத்தின் ஓரத் துளைகளில் விரலை விட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாம் இருவரும் மதுரையில் ஒரே கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர்கள். கால்வாய் மதகைத் திறந்தால் அதன் கடைமடையான திருவாதவூருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் போய்ச் சேரும் என்று பாசன என்ஜினீயர் கேட்டார். அதை வைத்துத்தான் ஒவ்வோர் ஊருக்கும் தண்ணீர் முறை ஒதுக்கப்போகிறார். குறைத்துச் சொல்லிவிட்டால், தண்ணீர் வருமுன்பே திருவாதவூரின் முறை முடிந்துவிடும். நாற்று கருகும்.

கால்வாயை அங்குலம் அங்குலமாகக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மெட்ராஸில் இருந்தது. கால்வாயில் எடுத்த அளவுகளை அட்டைகளில் துளையிட்டு அனுப்பினால் விடை தபாலில் வர ஒரு வாரம். பத்துத் தடவைக்குத்தான் அனுமதி. அந்த விடைகளிலிருந்து, கையாலேயே போடக்கூடிய சின்னச் சூத்திரம் ஒன்றைச் செய்துவிடலாம், பெரிய கணக்குக்கு மாற்றாளாக இருக்கும் என்றாய்.

முதலில் வந்த ஒன்பது விடைகளுக்கும் நம் சூத்திரத்தின் கோடு அழகாகப் பொருந்தியது. பத்தாவது உறையை நீ பிரிக்கவே விடவில்லை.

"மொதல்ல நம்ம சூத்திரம் என்ன சொல்லுதுன்னு எழுதி வச்சிருவோம். அப்பறம் பிரி."

சூத்திரம் இருபத்தெட்டு மணி நேரம் என்றது. உறைக்குள் நாற்பத்தொன்று.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. "இதையும் சேத்துக் கோட்டைக் கொஞ்சம் வளைச்சிருவோமே" என்றேன்.

"சேத்துட்டா ஒத்துப்போயிரும்டி. எங்க தப்புனோம்னு தெரியாமலே போயிரும்."

உனக்கு ஒரே சந்தோஷம், எனக்கு எரிச்சலாக வந்தது. சாயங்காலம்வரை அட்டைகளைப் புரட்டிய பிறகு விஷயம் பிடிபட்டது. ஒன்பதும் நீர் ஓடி நனைந்திருந்த கால்வாயின் அளவுகள். பத்தாவது மட்டும் கோடையில் எடுத்தது. வறண்ட மண் குடிக்கும் தண்ணீரை நம் சூத்திரம் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஒரே நம்பர் போதும்மா" என்றார் என்ஜினீயர்.

"நனைஞ்ச கால்வாய்க்குத்தான் சார் இது. மொதத் திறப்புல மண்ணு காஞ்சு கெடக்கும், அதுக்கு இத நம்பாதீங்க" என்று நீ விடாப்பிடியாக நின்றாய். அவர் அரை மனதோடு திருவாதவூரின் முதல் முறைக்கு மட்டும் நேரத்தைக் கூட்டினார்.

மதகைத் திறந்ததும் பஸ் பிடித்துத் திருவாதவூர் போய்க் காத்திருந்தோம். முப்பத்தொன்பதாவது மணி நேரத்தில், சருகும் நுரையுமாகத் தண்ணீர் வந்தது. நாற்றங்கால்காரர்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். நீ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அம்புட்டுப் பெரிய கணக்கும் ரெண்டு மணி நேரம் தப்புடி. ஏன்?"

இப்போதும் என் கணக்கு ஏதாவது தப்பினால் வெட்கத்துக்கு முன்னால் ஆவல்தான் வருகிறது. அது நீ கொடுத்தது. உடனே உன்னிடம் சொல்ல எழுந்துவிடுகிறேன். எழுந்து நின்ற பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வருகிறது.