கோயில் வாசலில் ஊர் கேட்டவன்

பிரியமுள்ள என் மச்சான் வேதமுத்துவுக்கு,

நீ கர்த்தரிடம் போன நாலாவது மாதம், நீ உபதேசியாராக இருந்த நம்ம கோயிலை என் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குக் கிட்டங்கியாகக் கேட்டேன். கேட்டவன் வேறு யாருமில்லை, நானேதான். அங்கே உனக்கு யாராவது வந்து கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

திட்டு, பரவாயில்லை. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

நீ இருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது குடும்பமாவது வந்து உட்காரும். நீ போன பிறகு அது ஆறாயிற்று, நாலாயிற்று. ஒரு ஞாயிறு நானும் உன் தங்கச்சி சலோமியும் செகரட்டரி ஆசீர்வாதம் ஐயாவும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான். போதகர் ஐயா மூன்று கிராமத்து ஆராதனையை முடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்த நாலு பேருக்குப் பிரசங்கம் செய்தார். முடிந்ததும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். இப்பிடியே இருந்தா மாசத்துக்கு ஒரு ஆராதனைன்னு வச்சுக்கிருவோம். கட்டடத்தை யாருக்காவது வாடகைக்கு விட்டா ஓடாச்சும் மாத்தலாம்."

அந்த 'யாருக்காவது' என் காதில் விழுந்தது. செக்காலை ரோட்டுக் கடையில் எனக்கு மூட்டை அடுக்க இடமில்லை. மழைக்காலம் வந்தால் பிண்ணாக்கு பூத்துப்போகும். கோயிலோ உயரமான தளம், ஓதமேறாத சுவர், வாசல்வரை லாரி வரும். வியாபாரி கண் அப்படித்தான் பார்க்கும், மச்சான். எப்படியும் மூடப்போகிற கட்டடம், வெளியாளுக்குப் போவதைவிட நம்ம ஆளுக்கே போகட்டுமே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டு, போதகர் ஐயாவிடம் கேட்டும் வைத்தேன்.

சலோமிதான் மறித்தாள். "எங்கண்ணன் நின்னு ஜெபம் பண்ணுன எடத்துல பிண்ணாக்கு மூட்டையா அடுக்கப் போறீக?"

"சும்மா கெடக்குற எடந்தானே."

"அது ஏன் சும்மா கெடக்குன்னு யோசிச்சீகளா?"

நான் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அரைமணி முன்னதாகவே டேப்பை எடுத்துக்கொண்டு போய், எத்தனை மூட்டை கொள்ளும் என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

நீளம் அளந்துகொண்டே வாசலுக்கு வந்தேன். ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பாட்டுப் புத்தகம். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ், பெயர் ஜெயமணி என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் முகம் நிறையச் சிரித்துத்தான் வரவேற்றேன்.

"வாங்கம்மா, வாங்க. எந்த ஊரு?"

"சிவகங்கை பக்கங்கய்யா."

"பக்கம்னா எங்குட்டு?"

"கொஞ்சம் தள்ளி."

"தள்ளின்னா பத்துப் பதினஞ்சு ஊரு இருக்கே. யாரு மக்கள் நீங்க?"

அவள் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "டூட்டி இருக்குங்கய்யா. இன்னொரு நாளைக்கு வாரேன்." அவ்வளவுதான், போய்விட்டாள்.

அந்த நேரத்துக்கு ஆசீர்வாதம் ஐயா வந்தார். "யாரு, அந்த நர்சுப் பொண்ணா? மூணாவது வாரமா வந்து வந்து போகுது. நானுங் கேட்டுப் பாத்தேன். பிடி குடுக்க மாட்டேங்குதுய்யா" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் அகலத்தையும் அளந்து முடித்தேன்.

மறுநாள் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. 'சிவகங்கை பக்கம்.' அந்தப் பதில் எனக்குத் தெரியும். அது என்னுடைய பதில்.

மச்சான், உன்னிடம் நான் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நம் சபையின் கிறிஸ்துமஸ் மலரில் போடச் சொல்லியிருக்கிறேன், அதனால் எல்லோருக்குமாகச் சொன்னதாகவும் இருக்கட்டும்.

அறுபத்திரண்டில் சைக்கிள் கேரியரில் பிண்ணாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்தேன். முதல் ஞாயிறு நம்ம கோயில் வாசலில் ஆசீர்வாதம் ஐயா கேட்டார், "எந்த ஊரு தம்பி?" சிவகங்கை என்றேன். "சிவகங்கையில எங்குட்டு?" பக்கம் என்றேன். என் ஊர் கிராமம். அந்த ஊரிலும் எங்கள் தெரு ஊருக்குள் இல்லை. கண்மாய்க்கரையைத் தாண்டித் தனியாகக் கிடக்கும். தெருவின் பெயரைச் சொன்னால் போதும், அதற்குமேல் கேட்கிறவருக்குக் கேள்வி இருக்காது. என் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நாங்கள். இருந்தும் அந்தத் தெருப் பெயர் நாங்கள் போகிற ஊருக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடும்.

அன்றைக்கு நீதான் நடுவில் வந்தாய். பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பிரித்து என் கையில் வைத்தாய். "சத்தமாப் பாடணும்யா, இங்க ஆளு கம்மி" என்றாய். பாடினேன். நீ அன்றும் கேட்கவில்லை, மறுவருடம் உன் தங்கச்சியைக் கொடுத்தபோதும் கேட்கவில்லை.

நான் தலையெடுத்த பிறகு உன்னை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! "வர்றவன் பேரு ஊரு கேக்காம உள்ள விடுறியே மச்சான், காணிக்கைத் தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டா?" என்பேன். "போனாப் போகுது, தட்டு நீ வாங்கிக் குடுத்ததுதானே" என்பாய். அப்படி உள்ளே வந்த நானே எப்போது வாசல்காரனாக மாறினேன்? எனக்கே தெரியவில்லை.

வியாபாரப் புத்தியை வைத்தே யோசித்துப் பார்த்தேன். கடனுக்குச் சரக்குக் கேட்கிறவரிடம் ஊரும் பேரும் தீர விசாரிப்பேன். காசை நீட்டுகிறவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பதோடு சரி. அந்தப் பெண் நம்மிடம் என்ன கடன் கேட்டாள்? இப்படி எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருப்போம்? மில்லுக்கு வந்தவர்கள், பாங்கிக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார்கள். ஒரு வாரம் வருவார்கள், மறுவாரம் காணோம். 'நிலையில்லாத ஆளுக' என்று பேசிக்கொள்வோம்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சைப் பார்க்க வேண்டுமென்றால் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வரிசையில் நில்லு என்றார்கள். நின்றேன். என் முறை வந்ததும் ஒரு விரலை நீட்டினேன், ஜெயமணி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"காயம் எங்கய்யா?"

"காயமில்லம்மா. வரிசையில நின்னாத்தான் ஒங்களப் பாக்க முடியும்னாக."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிக்கொண்டு சொன்னாள், "நான் பாட்டுப் பாடத்தான் வந்தேன். வெலாசம் எழுதிக் குடுக்க வரல."

"இனிமே யாரும் கேக்க மாட்டாகம்மா."

"கேட்டதே நீங்கதான். ஊரச் சொன்னாத் தெருவக் கேப்பீக. தெருவச் சொன்னா அடுத்த வாரம் எனக்குப் பக்கத்துல உக்கார ஆளிருக்காது. நான் பாத்திருக்கேன்யா, வேற ஊர்ல."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் முதுகைத் தட்டி, "விரலுக்கு இம்புட்டு நேரமாய்யா?" என்றார்.

கடைசியாக அவள் ஒன்று சொன்னாள். குவார்ட்டர்ஸில் அவளோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் நாலு பேரில் மூன்று பேருக்கு டூட்டி, இரண்டு மணிக்குத்தான் முடியும். சாயங்காலம் ஆராதனை வைத்தால் நாலு பேரும் வருவார்கள். யாராவது ஊரைக் கேட்டால் அன்றோடு சரி. இந்த இரண்டும்தான் அவள் கேட்டது. வாங்க வருகிறவர் வரும் நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோயிலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கமிட்டி கூடியது. நேரத்தை மாற்ற யாரும் மறுக்கவில்லை. காலையில் மூன்று ஊர் சுற்றுகிற போதகர் ஐயாவுக்கும் அது வசதி. இன்னொன்றைச் சொன்னதும்தான் ஆசீர்வாதம் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேக்காம எப்பிடித் தங்கையா? பாசத்துலதானே கேக்குறோம். யாரு எவருன்னு தெரியாம எப்பிடிப் பக்கத்துல உக்கார்றது?"

"பன்னெண்டு வருசமா என் பக்கத்துல உக்காந்துதானே இருக்கீக. நான் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டு, என் ஊர்ப் பெயரையும் கண்மாய்க்கரைக்கு அப்பால் உள்ள எங்கள் தெருப் பெயரையும் சொன்னேன். காரைக்குடியில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இனி என் கடைக்கு யார் வருவார்கள், யார் எதிர்க்கடைக்குப் போவார்கள் என்று ஒரு கணம் மனம் ஓடத்தான் செய்தது. மறைக்கவில்லை.

ஆசீர்வாதம் ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "தெரியும்யா" என்றார்.

"எப்பருந்து?"

"நீ வந்த வருசமே விசாரிச்சுட்டேன். வேதமுத்துகிட்டப் போயிச் சொன்னதே நான்தான், தங்கச்சியக் குடுக்கப் போறியே, ஆளு யாருன்னு பாத்தியான்னு. 'ஐயா, அவன் வாயால சொல்ற வரைக்கும் இந்தக் கோயில்ல யாரும் கேக்கப்படாது, கேட்டா மறுநாளு நான் இங்க இருக்க மாட்டேன்'னுட்டான். அதுக்கப்புறம் யாராச்சும் ஒன்னக் கேட்டமா?"

இல்லை. யாரும் கேட்கவில்லை. நான்தான் சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன் என்று பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகும் விடாமல் கேட்டேன்: "எனக்கு ஒருத்தனுக்குக் குடுத்ததை வர்ற எல்லாருக்கும் குடுத்தா என்னய்யா?" வாசலில் யாரும் ஊர் கேட்பதில்லை என்று தீர்மானம் எழுதியாயிற்று.

வீட்டுக்கு வந்து சலோமியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "கல்யாணத்துக்கு முந்தியே எங்கண்ணன் சொல்லிருச்சு. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். தெருவ மறைச்சீக, சரி. ஒங்க அம்மாவயும் சேத்து மறைச்சீகளே, அதுதான் எனக்கு ஆறல." எனக்கு யாருமில்லை என்று சொல்லித்தான் அவளைக் கட்டினேன். அம்மாவுக்கு மணியார்டர் போயிற்று, நான் போகவில்லை. அம்மா இறந்து ஐந்து வருடமாகிறது. ஒரு கேள்விக்குப் பயந்து நான் கொடுத்த விலை அது, மச்சான்.

அம்மா இருந்தது சலோமிக்குத் தெரியுமென்றால் உனக்கும் தெரிந்திருக்கும், அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒருதரம் பாட்டுப் புத்தகம் வாங்க என்று சொல்லிச் சிவகங்கைக்குப் போய்வருவாயே, அந்த வழியில் எப்போதாவது கண்மாய்க்கரையைத் தாண்டிப் போனாயா? என் அம்மாவைப் பார்த்தாயா? அவள் என்ன கேட்டாள்?

சரி, கோயில் செய்திக்கு வருகிறேன். முதல் சாயங்கால ஆராதனைக்கு ஜெயமணியும் மற்ற மூவரும் வந்தார்கள். பெரிய கூத்து. கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தோமே ஒழிய, அதற்குப் பதில் என்ன பேசுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரே கேள்வி. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக நின்றோம், ஏதோ துக்க வீடு மாதிரி. அந்தப் பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். ஆசீர்வாதம் ஐயா இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்து, கடைசியில், "மழை வருமாம்மா?" என்றார். வானத்தில் பொட்டு மேகமில்லை.

"நான் ஆஸ்பத்திரியில வேல பாக்குறேன்யா. மழையெல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்றாள் ஜெயமணி.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு தன் முழங்கால் வலியைச் சொன்னார். அதிலிருந்து வாரம் ஒரு வியாதியோடு வருகிறார். "இந்த வாரம் எங்கய்யா வலி?" என்று அவள் கேட்டால்தான் அவருக்கு ஞாயிறு போன மாதிரி இருக்கிறது. மில் குடும்பம் ஒன்று வருகிறது. வராமல் நின்றுபோன பழைய வீடுகளில் மூன்று திரும்பிவிட்டன. இரண்டு வீட்டார் என் தெருப் பெயரைக் கேட்டபின் வருவதில்லை. அதையும் உன்னிடம் சொல்லத்தானே வேண்டும். கடையிலும் ஒன்றிரண்டு பேர் குறைந்தார்கள். சமாளித்துக்கொள்வேன். மூட்டைகளுக்கு நாச்சியாபுரம் ரோட்டில் ஒரு கொட்டகை பார்த்திருக்கிறேன். தூரம்தான், மழைக்குத் தாங்கும்.

போன வாரம் போதகர் ஐயாவோடு உட்கார்ந்து பேசி முடித்தது இது: அடுத்த ஈஸ்டர் வரை ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆராதனை, அதன்பின் ஆட்களைப் பார்த்து மறுபடி பேசிக்கொள்வது. கட்டடம் யாருக்கும் வாடகைக்கு இல்லை. ஓடு மாற்றுகிற செலவு முழுதும் என்னுடையது, அதற்காக என் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது. வாசலில் நின்று வரவேற்கிற வேலை எனக்கு. வருகிற எவரிடமும் என் ஆயுசுக்கும் ஊர் கேட்க மாட்டேன், மச்சான், இது உனக்கு நான் தரும் வாக்கு. ஒருமுறை தவறினாலும் அந்த வேலையை அன்றைக்கே ஆசீர்வாதம் ஐயா என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
தங்கையா