ரங்கூன் கிளம்பும் நாளில் அப்பாவின் ஞானப்பல்

அப்பாவுக்கு,

தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. மதராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இரத்தம் நின்றதும் பஞ்சை எடுத்துவிட்டேன். பல் இருந்த குழியை நாக்கால் துழாவாதீர்கள். எச்சிலில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் பயமில்லை. நாளை கன்னம் வீங்கும், வாய் சரியாகத் திறக்காது. மூன்று நாள் போனால் வற்றும். கேழ்வரகுக் கஞ்சி ஆறவைத்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது நாளையிலிருந்துதான். வெற்றிலைப் பெட்டி பக்கத்து வீட்டுச் சாராள் அத்தையிடம் இருக்கிறது, கேட்டாலும் தரமாட்டார்கள்.

ரங்கூன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஒப்புக்கொண்டேன் என்றதும், "போறதுன்னா போ" என்றீர்கள். அதன்பின் ஒரு மாதமாக என்னோடு பேச்சில்லை. இன்று காலை பல்லைப் பிடுங்கிய டாக்டர், "இன்னிக்கு ஒரு வார்த்த பேசக் கூடாது ஐயா" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். வலியால்தானா என்று தெரியவில்லை.

வழியனுப்ப ஏன் வரவில்லை என்று கேட்பவர்களிடம் பல்லைத்தான் சொல்லப்போகிறேன்.

பொன்மலர்

வீட்டுச் சாவி ஒன்றும் அத்தையிடம், அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். காய்ச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

என் ரங்கூன் விலாசம் காலண்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் பேசத்தான் கூடாது என்றார், அப்பா. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.